கடற்பாசிக்குப் பெயர் தந்த பெரியார் வில்லியம் ஹென்றி ஹாவி (1811 - 1866)

கடல் சூழ்ந்த நாட்டிற் பிறந்தவர் நாம். கடலையும் கடல் சார்ந்த இடத்தையும் நெய்தல் எனத் தனித் திணையாக வகுத்துப் போற்றியது நம் தமிழ். ஆயினும் கடலைப் பற்றி நாம் அறிந்தது பெரும்பாலும் அதன் மேற்பரப்பே. மீனும் முத்தும் சங்கும் நமக்குத் தெரியும்; அவற்றுக்கு உணவும் உறையுளுமாய் நிற்கும் கடற்றாவரங்கள் தெரியா. காற்றுக் காலத்திற் கரையில் ஒதுங்கிக் குவியும் சாதாழையைத் தென்னைக்கு இடும் பசளை என்ற அளவிலும், கஞ்சிப்பாசியைக் காய்ச்சிக் குடிக்க ஆவதொன்று என்ற அளவிலும் அறிந்து அமைந்துவிட்டோம்.

இத்தகைய விழா மலர்களில் நாவலர் பெருமான் முதலிய சான்றோர் வரலாறுகள் இடம்பெறுவது வழக்கம். தமிழாசிரியராகிய நாம் அவ்வழக்கத்தினின்று சிறிது விலகி, அயர்லாந்து தேசத்துத் தாவரவியலார் ஒருவரின் வரலாற்றை எழுத முற்பட்டமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, அப்பெரியார் 1853ஆம் ஆண்டில் நம் ஈழத்துக் கரைக்கு வந்து, இந்நாட்டுக் கடற்பாசிகளை முறைப்படி சேகரித்துச் சென்றவர். மற்றொன்று, அவர் வாழ்நாள் முழுவதும் செய்த தொழில் எமது தொழிலுக்கு உறவானது. பொருளுக்கு உரிய பெயரைச் சூட்டுதல், ஒன்றை மற்றொன்றினின்று பிரித்துக் காட்டுதல், பின்வருவோர் ஒப்பிட்டுப் பார்க்கும்படி மூல ஏட்டைக் காத்து வைத்தல் ஆகிய இம்மூன்றும் இலக்கணகாரர்க்கும் பதிப்பாசிரியர்க்கும் உரியவை என்றே நாம் எண்ணியிருந்தோம். அவை தாவரவியலார்க்கும் உரியவை என்பதை ஹாவியின் வாழ்வு காட்டுகின்றது.

பிறப்பும் இளமையும்

அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள லிமெரிக் நகரை அடுத்த சமர்வில் என்னும் இடத்தில், 1811ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 5ஆம் திகதி ஹாவி பிறந்தார். தந்தையார் ஜோசப் ஹாவி ஒரு வணிகர்; குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சார்ந்தவர். பதினொரு மக்களுள் வில்லியமே கடைக்குட்டி. பாலிற்றோர் என்னும் ஊரிலே குவேக்கர் நடத்திய பாடசாலையிற் கல்வி கற்றார். இயற்கைப் பொருள்களை உற்று நோக்கும் பழக்கம் ஆங்கு அவருக்கு உரம்பெற்றது. விடுமுறை நாள்களில் குடும்பத்தார் கிளெயர் மாகாணத்துக் கடற்கரைக்குச் செல்வர். அத்திலாந்திக் சமுத்திரத்தின் அலைகள் வந்து மோதும் அக்கரையிலேதான், பிறர் காலால் மிதித்துச் செல்லும் கடற்பாசியைக் கையிலெடுத்துப் பார்க்கும் வழக்கம் அவ்விளைஞரிடம் வேரூன்றியது.

மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று ஈண்டு உளது. ஹாவி பல்கலைக்கழகம் எதிலும் பயின்றவர் அல்லர். பாடசாலைப் படிப்பு முடிந்தபின் தந்தையாரின் வணிகத்திலேயே அமர்ந்தார். தாவரவியல் அவர் ஓய்வு நேரத்திற் கற்றது. 1831ஆம் ஆண்டில் கில்லாணி என்னும் இடத்தில் அயர்லாந்தில் அதுவரை அறியப்படாதிருந்த ஒரு பாசத்தைக் கண்டெடுத்தார். அதனைக் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கருக்கு அனுப்பினார். முன்பின் அறியாத இருபது வயது இளைஞர் ஒருவர் அனுப்பிய சிறு பொதியை அப்பேராசிரியர் ஒதுக்கிவிடவில்லை. அன்று தொடங்கிய நட்பு இருவர் வாழ்நாளளவும் நீடித்தது. ஹூக்கர் தாம் வெளியிட்ட பிரித்தானியத் தாவர நூலில் கடற்பாசிப் பகுதியை எழுதும் பொறுப்பை ஹாவியிடமே ஒப்படைத்தார். அப்பகுதி 1833இல் வெளிவந்தபோது ஹாவிக்கு வயது இருபத்திரண்டே.

நிறத்தால் வகுத்த நெறி

1836ஆம் ஆண்டில் மக்காய் என்பார் வெளியிட்ட அயர்லாந்துத் தாவர நூலிலும் கடற்பாசிப் பகுதியை ஹாவியே எழுதினார். அதிலேதான் அவர் பெயரை நிலைநிறுத்திய பகுப்பு முதலில் வெளிப்பட்டது. கடற்பாசிகளைக் கபில நிறத்தன, சிவப்பு நிறத்தன, பச்சை நிறத்தன எனப் பெரும்பிரிவுகளாக்கி, கண்ணுக்குப் புலனாகாத தயற்றங்களை வேறொரு பிரிவாக வைத்தார்.

நிறத்தைக் கொண்டு வகுத்தல் சிறுபிள்ளை விளையாட்டன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். அற்றன்று. புறத்தே வன்மையுடையது புல், அகத்தே வன்மையுடையது மரம் என்ற கருத்துப்படத் தொல்காப்பியனார் வகுத்ததும் ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டன்றோ? எண்ணற்ற வேற்றுமைகளுக்கு நடுவே, ஆழ்ந்த உறவைக் காட்டும் ஓர் அடையாளத்தைத் தெரிந்தெடுப்பதே வகுப்போரின் திறன். ஹாவி தெரிந்தெடுத்த நிறம் வெறும் சாயமன்று. பாசி ஒளியைப் பற்றி உணவு ஆக்கும் முறையின் வெளித்தோற்றம். எல்லாப் பாசிகளிலும் பச்சையம் உண்டு. சிவப்புப் பாசியில் அதனோடு பைக்கோஎரித்திரின் என்னும் செந்நிறப் பொருளும், கபிலப் பாசியில் பியூக்கோசாந்தின் என்னும் பொருளும் சேர்ந்துள்ளன. கடல்நீர் சூரிய ஒளியின் செந்நிறக் கூற்றைச் சில மீற்றர் ஆழத்துக்குள்ளேயே உறிஞ்சிவிடும். நீலமும் பச்சையுமே ஆழத்தில் எஞ்சும். அவ்வொளியைப் பற்றுவதற்கு இத்துணைப் பொருள்கள் உதவுகின்றன. பகாமாத் தீவுகளை அடுத்த கடலில், 268 மீற்றர் ஆழத்தில், நண்பகலிலும் இருள் சூழ்ந்த பாறையில் ஒரு சிவப்புப் பாசி வாழ்வதை 1984இல் ஆராய்ச்சியாளர் கண்டனர். எனினும் பச்சை மேலே, கபிலம் நடுவே, சிவப்பு கீழே என்று கோடு கிழித்தாற்போற் கடல் அமைந்திருப்பதில்லை. பச்சைப் பாசிகளும் ஆழத்தில் உண்டு. சிவப்புப் பாசிகள் அலைவாய்ப் பாறையிலும் உண்டு.

பிற்கால ஆராய்ச்சி ஹாவியின் பகுப்பைத் திருத்தியது, ஆயினும் தகர்க்கவில்லை. பச்சைப் பாசி நிலத்துப் பயிர் மரங்களுக்கு நெருங்கிய உறவு என்பதும், கபிலப் பாசி அவற்றினின்று மிகத் தொலைவில் நிற்கும் வேறொரு குலம் என்பதும் பின்னர்த் தெளிவாயின. அவர் பிரித்து வைத்த மூன்று கூட்டங்களும் இன்றும் மூன்று கூட்டங்களாகவே கற்பிக்கப்படுகின்றன.

நன்னம்பிக்கை முனையில்

தாவரவியல் அக்காலத்தில் வயிறு வளர்க்கும் தொழிலன்று. ஆகவே குடும்பத்தார் அரசாங்க உத்தியோகம் ஒன்றை ஹாவிக்குத் தேடினர். தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிற் பொருளாளர் பதவி கிடைத்தது. ஆனால் நியமனப் பத்திரம் தவறுதலாக அவர் தமையனார் ஜோசப்பின் பெயரில் எழுதப்பட்டுவிட்டது. உடன்பிறந்தார் இருவரும் 1835இல் ஒருங்கே கப்பலேறினர். அடுத்த ஆண்டிலேயே ஜோசப் நோய்வாய்ப்பட்டார். தம்பி அவரை அழைத்துக்கொண்டு தாயகம் திரும்புகையில், தமையனார் நடுக்கடலில் உயிர் நீத்தார். அப்பதவி ஹாவிக்கே வந்தது. விரும்பிச் சென்ற பதவி, விரும்பாத வழியிற் கைக்கு வந்தது.

முனைக்கு மீண்ட ஹாவி, கடமையையும் கல்வியையும் இரு கண்களாகப் போற்றினார். பொழுது புலருமுன் எழுந்து மேசைமலைக்கோ கடற்கரைக்கோ சென்று செடிகளைச் சேகரிப்பார். பகல் முழுவதும் கணக்கேடு. இரவில் விளக்கொளியில் அன்று எடுத்தவற்றைத் தாளில் ஒட்டி, ஆராய்ந்து, குறிப்பு எழுதுவார். இவ்வாறு எழுந்ததே 1838இற் கேப்டவுன் நகரில் வெளிவந்த தென்னாபிரிக்கத் தாவரப் பேரினங்கள் பற்றிய நூல். உடல் இவ்வுழைப்பைத் தாங்கவில்லை. இருமுறை விடுப்புப் பெற்றும் நலம் தேறாமையால் 1842இற் பதவியைத் துறந்து தாயகம் மீண்டார்.

தோல்வியும் தேர்ச்சியும்

1844ஆம் ஆண்டில் டப்ளின் திரினிற்றிக் கல்லூரியின் உலர்தாவரக் களஞ்சியத்துக்குக் காப்பாளராக ஹாவி நியமனம் பெற்றார். அதே காலத்தில் அக்கல்லூரியின் தாவரவியற் பேராசிரியர் பதவியும் வெற்றிடமாயிற்று. ஹாவி விண்ணப்பித்தார். அப்பதவிக்கு மருத்துவப் பட்டம் வேண்டும். கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் அளித்தும், அது போதுமா என்னும் வழக்கு எழுந்தது. பதவி ஜோர்ஜ் ஆல்மன் என்பாருக்குச் சென்றது. கடற்பாசி ஆராய்ச்சியில் ஐரோப்பா முழுவதும் அறியப்பட்ட ஒருவர், பத்திரம் ஒன்று இல்லாமையாற் பின்தள்ளப்பட்டார். அவர் மனம் கசந்து களஞ்சியத்தை விட்டுச் சென்றாரல்லர். தாளும் பசையும் பூதக்கண்ணாடியும் அவரிடம் இருந்தன. அவை போதுமென அமர்ந்தார். 1848இல் றோயல் டப்ளின் சங்கம் அவரைத் தன் பேராசிரியராக்கியது. ஆல்மன் எடின்பரோ சென்ற பின்னர், 1856இல் திரினிற்றிக் கல்லூரிப் பேராசிரியர் பதவியும் அவரைத் தேடி வந்தது.

அவர் பெரும்பணிகளுள் முதலாவது இக்காலத்தில் எழுந்தது. 1846 முதல் 1851 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பிரித்தானியக் கடற்பாசி நூலில் 360 வண்ணப் படங்கள் உள. படங்களைக் கல்லச்சில் வரைந்தவர் ஹாவியே. எழுதியவர் ஒருவர், வரைந்தவர் ஒருவர் என்றில்லாமல், கண்டவரே வரைந்தமையால் அப்படங்களுக்கு இன்றும் மதிப்பு உண்டு.

இந்நூலுக்குப் பாசி திரட்டி உதவியோர் பலர்; அவருள் பெண்மணிகள் குறிப்பிடத்தக்கவர். இங்கிலாந்தின் தென்கரையில் டோர்க்கி என்னும் ஊரில் வாழ்ந்த அமீலியா கிறிபித்ஸ் அம்மையார் அவருள் தலைசிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத அக்காலத்தில், கடற்கரையே அவ்வம்மையாருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1768இற் பிறந்து 1858இல் மறைந்த அவர் பெயரை ஒரு சிவப்புப் பாசிப் பேரினம் இன்றும் தாங்கி நிற்கின்றது. தமக்கு உதவியோரின் பெயரை மறையாது எழுதுதல் ஹாவியின் இயல்பு.

1849இல் அமெரிக்காவுக்குச் சென்று பொஸ்தன் நகரில் விரிவுரைகள் நிகழ்த்தினார். தொடர்ந்து தெற்கே புளோரிடாவின் கீ வெஸ்ட் வரை சென்று பாசி சேர்த்தார். அதன் பயனாக வட அமெரிக்கக் கடற்பாசி நூலைச் சிமித்சோனியன் நிறுவனம் 1852 முதல் 1858 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டது.

ஈழத்துக் கரையில்

1853ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஹாவி தம் வாழ்வின் நீண்ட பயணத்தைத் தொடங்கினார். சுயெஸ் கால்வாய் அன்று வெட்டப்படவில்லை. எகிப்தைத் தரைவழியே கடந்து, ஏடன் வழியாக இலங்கையை அடைந்தார். வண்ணார்பண்ணையில் நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி ஐந்தாண்டு ஆன காலம் அது. பேராதனைப் பூந்தோட்டத்தைத் துவெயிற்ஸ் என்னும் அறிஞர் மேற்பார்த்து வந்தார். அவரும் நுண்ணிய பாசிகளை ஆராய்ந்து பெயர் பெற்றவரே.

ஹாவி தென்கரையில், வெலிகம விரிகுடா முதலிய இடங்களிற் பாசி சேர்த்தார். சேர்த்தவற்றைப் பதம் செய்து, இலங்கைக் கடற்பாசிகள் என்னும் தொகுதியாக்கி, பிற நாட்டு அறிஞர்க்கும் களஞ்சியங்களுக்கும் வழங்கினார். பாசியைப் பதம் செய்யும் முறையை மாணவர் பொருட்டு ஈண்டு விளக்குதும். அகன்ற பாத்திரத்தில் நீர் விட்டு அதிற் பாசியை மிதக்கவிடுவர். தடித்த வெண்டாளை நீருக்குள் அதன் அடியிற் செலுத்தி, மெல்லிய ஊசியால் ஒவ்வொரு கிளையையும் இயல்பான நிலையில் விரிப்பர். பின்னர்த் தாளைச் சாய்த்து மெல்ல வெளியே எடுப்பர். நீர் வடிய, பாசி தாளில் ஓவியம்போற் படியும். மேலே துணியை இட்டு, ஒற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் பாரம் ஏற்றுவர். ஒற்றுத் தாளை நாள்தோறும் மாற்றுவர். பெரும்பாலான பாசிகள் தம் பசையாலேயே தாளில் ஒட்டிக்கொள்ளும். இடம், நாள், சேர்த்தவர் பெயர் ஆகியன தாளின் ஓரத்தில் எழுதப்படும். இவற்றில் ஒன்று குறையினும் அத்தாள் அழகிய படமாகுமேயன்றிச் சான்றாகாது.

இலங்கையில் அவர் பெற்ற பாசிகளுள் ஒன்று வலைபோன்ற அமைப்பினையுடைய சிவப்புப் பாசி. அதன் நுண்ணிய கிளைகள் ஒன்றோடொன்று இணைந்து, தேர்ந்த கைவினைஞர் பின்னிய சல்லடைத் துணி போலத் தோன்றும். அதனை உலகம் அதுவரை அறியாத புதுப் பேரினம் எனக் கண்ட ஹாவி, தம் நூல்களை வெளியிட்டு உதவிய இலண்டன் பதிப்பாளர் வான் வூர்ஸ்ட் என்பாரின் பெயரால் வான்வூர்ஸ்டியா என 1854இற் பெயரிட்டார். நூலாசிரியர் பதிப்பாளருக்குச் செய்த கைம்மாறு நம் நாட்டுக் கடலில் வளரும் ஒரு பாசியின் பெயராய் நிற்பது நினைக்கத்தக்கது.

தென்கடல்களில்

1854 சனவரியில் மேற்கு அவுத்திரேலியாவின் கிங் ஜோர்ஜ் சவுண்ட் துறையை ஹாவி அடைந்தார். பிறீமாந்தில் துறையில் நீர்க்காவற்படை அதிகாரியாய் இருந்த ஜோர்ஜ் கிளிப்டன் என்பாரை நண்பராக்கிக்கொண்டார். அவ்வதிகாரி பின்னர்த் தாமும் சிறந்த பாசி சேகரிப்பாளராயினார். கிளிப்டோனியா என்னும் சிவப்புப் பாசி அவர் பெயரைத் தாங்குவது. விக்ரோறியா, தஸ்மேனியா, சிட்னி என்று கரையோரமாகச் சென்றார். நியூசிலாந்து, தொங்கா, பீஜி ஆகிய தீவுகளையும் கண்டார். தென்னமெரிக்கா வழியாக 1856இற் டப்ளின் மீண்டார். மூன்றாண்டுப் பயணத்தில் ஏறத்தாழ 600 இனங்களைச் சேர்ந்த 20,000க்கு மேற்பட்ட பாசித் தாள்களை அவர் கையாலே பதம் செய்திருந்தார். பயணச் செலவின் ஒரு பகுதிக்கு அத்தாள்களின் தொகுதிகளையே விற்று ஈடுசெய்தார்.

அவுத்திரேலியாவின் தென்கரையிற் கடற்புல்வெளிகள் மிகுதி. ஹாவி கண்ட நுண்ணிய சிவப்புப் பாசிகளுள் பல, அக்கடற்புல்லின் தண்டைப் பற்றி வளர்வன. கடற்பாசி வேறு, கடற்புல் வேறு என்பதை மாணவர் மறத்தல் ஆகாது. பாசிக்கு மெய்யான வேரில்லை, பூவில்லை, விதையில்லை. பாறையைப் பற்றும் பிடிப்பு ஒன்றே உண்டு. கடற்புல்லோ நிலத்தினின்று கடலுக்கு மீண்ட பூக்குந் தாவரம். வேரூன்றி, மணலுக்குள் தண்டோட்டி, நீருக்குள்ளேயே பூத்து, நீரோட்டத்தில் மகரந்தத்தை விடுவது. பெயரிற் புல் என்றிருப்பினும் அது நெல் புல் இனத்தைச் சேர்ந்ததன்று. உலகமெங்கும் அதன் இனங்கள் எழுபதளவினவே. இனத்திற் சிறிதாயினும் தொழிலிற் பெரிது. மணலை இறுக்கிக் கரையைக் காப்பது, இறாலும் மீனும் குஞ்சு வளர்க்கும் தொட்டிலாவது, கடலாமைக்கும் கடற்பசுவுக்கும் மேய்ச்சல் நிலமாவது அதுவே. நம் யாழ்ப்பாணக் கடனீரேரியிலும் பாக்கு நீரிணையிலும் மன்னார்க் கடலிலும் விரிந்திருப்பது இச்செல்வமே.

பயணத்தின் பயனாக எழுந்த அவுத்திரேலியக் கடற்பாசி நூல் 1858 முதல் 1863 வரை ஐந்து தொகுதிகளாக, 300 வண்ணப் படங்களுடன் வெளிவந்தது. அதன் படங்களையும் அவரே கல்லில் வரைந்தார். அவர் முதன்முதலாக விவரித்துப் பெயரிட்ட பாசி இனங்கள் எழுநூற்றுக்கு மேற்பட்டன.

இரு பாசிகளின் கதை

வெலிகமவில் ஹாவி பாசி சேர்த்து இரண்டு ஆண்டுகளின் பின், 1855ஆம் ஆண்டு மே மாதத்தில், சிட்னித் துறைமுகத்தின் ஸ்பெக்டக்கிள் தீவருகே அவர் மற்றொரு வலைப் பாசியைக் கண்டெடுத்தார். சிட்னியில் வாழ்ந்த இயற்கை ஆய்வாளர் வைத்தியர் ஜோர்ஜ் பெனெற் என்பாரின் பெயரை அதற்கு இட்டார். அது நம் நாட்டு வான்வூர்ஸ்டியாவின் உடன்பிறப்பு எனப் பின்வந்த அறிஞர் துணிந்து, அப்பேரினத்தில் வைத்தனர்.

1886இல் அதே துறைமுகத்தின் வேறோர் இடத்தில் ஒருமுறை அது மீண்டும் கிடைத்தது. அதன்பின் எவர் கண்ணிலும் படவில்லை. நகரம் பெருகிற்று, துறைமுகத்தின் அடித்தரை தோண்டப்பட்டது, கழிவும் சேறும் கலந்தன, பாசி பற்றி நின்ற இடம் மாறிவிட்டது. தேடித் தேடிக் காணாத நிலையில், 2003ஆம் ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியல் அதனை அற்றுப்போன இனம் என அறிவித்தது. கடற்பாசி ஒன்று இவ்வாறு அறிவிக்கப்பட்டது அதுவே முதன்முறை.

இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹாவி அந்நாளிற் குனிந்து அப்பாசியை எடுக்காதிருந்தால், அது அழிந்தமை மட்டுமன்று, வாழ்ந்தமையும் உலகுக்குத் தெரிந்திராது. அவர் தாளில் விரித்து ஒட்டிய சில செந்நிறக் கிளைகளே, அவ்வினம் உலகில் இருந்தது என்பதற்குச் சான்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்துக் கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார்கள். ஏடு கிடைத்த நூல் நமக்கு உண்டு. ஏடு அழிந்த நூல்களிற் பலவற்றின் பெயர் மட்டும் உரைகளில் எஞ்சியது. பெயரும் எஞ்சாதன எத்தனையோ, எண்ணிச் சொல்வார் இல்லை. கடலிலும் அவ்வாறே. பெயரிடப்படாமல் அழியும் இனத்துக்கு இரங்குவாரும் இல்லை. ஏனெனில் இழந்தது இன்னதென்று அறிவார் இல்லை.

இறுதிக் காலமும் இயல்பும்

டார்வின் தம் பெருநூலை 1859இல் வெளியிட்டபோது ஹாவி அக்கொள்கையை ஏற்றிலர். 1860இல் ஒரு பிகோனியாச் செடியில் தோன்றிய திடீர் மாற்றத்தைக் காட்டி மறுத்து எழுதினார். டார்வினும் விரிவான கடிதத்தால் விடையிறுத்தார். காலம் டார்வின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆயினும் இருவரும் கருத்தில் மாறுபட்டனரேயன்றி மரியாதையிற் குன்றவில்லை. மாறுபடும்போதும் சான்றைக் காட்டி மாறுபடுதல் என்னும் நெறியை இருவரும் போற்றினர்.

1861இல், ஐம்பதாம் வயதில், தம் ஊராகிய லிமெரிக்கைச் சேர்ந்த எலிசபெத் பெல்ப்ஸ் என்னும் பெண்மணியை ஹாவி மணந்தார். விரைவிலேயே சயரோகம் அவரைப் பற்றியது. நோயிடையேயும் ஒட்டோ சொண்டர் என்பாருடன் கூடித் தென்னாபிரிக்கத் தாவர நூலின் மூன்று தொகுதிகளை 1865அளவில் முடித்தார். இளமையில் ஆதரித்த ஹூக்கர் அவ்வாண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு நலந்தேடி டோர்க்கி சென்ற ஹாவி, ஹூக்கரின் துணைவியார் இல்லத்தில் 1866 மே 15ஆம் திகதி இயற்கை எய்தினார். முன்னாளில் கிறிபித்ஸ் அம்மையார் பாசி தேடி நடந்த கரையே அவருக்கு இறுதிக் கரையாயிற்று.

அடக்கமும், ஆழ்ந்த தெய்வ பக்தியும், உள்ளது போதுமென்னும் மனநிறைவும் அவர் இயல்புகள். அவர் தென்கடல்களிலிருந்து எழுதிய கடிதங்களை 1988இல் தொகுத்து வெளியிட்ட சோபி டக்கர் என்னும் அறிஞர், நூலுக்கு மனநிறைவுற்ற தாவரவியலார் என்ற பொருள்படும் பெயரையே சூட்டினார். ஹாவி ஒட்டிய தாள்கள் டப்ளின் களஞ்சியத்தில் இன்றும் காக்கப்படுகின்றன.

நமக்கு உரிய கடமை

ஈழத்துக் கடற்பாசி பற்றிய முதற் சான்றுகளிற் சில கடல் கடந்து அயர்லாந்தில் உள. அதற்காக நாம் வருந்துதல் வேண்டா. அவை காக்கப்பட்டமைக்கு மகிழ்தல் வேண்டும். வருந்தவேண்டியது வேறொன்று. நம் வாயிலில் விரிந்த கடனீரேரியின் தாவரங்களை நம் பிள்ளைகளிற் பலர் பெயர் சொல்லி அறியார். கரைக் கிராமத்து மீனவர் அறிந்த தமிழ்ப் பெயர்கள் பல, அம்முதியோருடனேயே மறைந்து வருகின்றன. கடலின் அடியை வாரிச் செல்லும் இழுவை மடிகள் பாசியையும் புல்லையும் வேரொடு பெயர்த்தன. அடிமட்ட இழுவை மீன்பிடி 2017இல் எமது நாட்டிற் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. சட்டம் ஒரு வேலி. வேலிக்குள் என்ன பயிர் நிற்கின்றது என்பதை அறிபவர் இல்லையாயின் அவ்வேலியாற் பயன் சிறிது.

ஆகவே, இம்மலரைக் கையிலேந்தும் மாணவர்க்கு நாம் கூறுவது ஒன்று. பெரிய கருவிகள் வேண்டா. ஒரு தட்டு, சிறிது நீர், ஒரு வெண்டாள், ஓர் ஊசி ஆகியவை போதும். அலை ஒதுக்கிய பாசியை எடுத்து விரித்து ஒட்டுங்கள். இடமும் நாளும் எழுதுங்கள். ஊர் முதியோரிடம் அதன் பெயரைக் கேட்டு அதனையும் எழுதுங்கள். விலங்கியல் தாவரவியல் கற்பிக்கும் ஆசிரியரிடம் அதன் அறிவியற் பெயரைக் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். பழைய மாணவராகிய பெரியோர், அத்தாள்களை வைக்க எமது கல்லூரியில் ஓர் அலுமாரி அமைத்துத் தருவாராயின், அது விழாவின் பின்னும் நிற்கும் நினைவுச் சின்னமாகும். பட்டமில்லாது தொடங்கிய ஒருவர், பொழுது புலருமுன் எழுந்து, கையால் ஆகும் இச்சிறு தொழிலை ஐம்பத்தைந்து வயதளவும் செய்து, உலகக் கடல்களின் தாவரங்களுக்குப் பெயரேடு அமைத்தார். நம் கடலுக்கு உரிய பெயரேட்டை நம் பிள்ளைகள் அமைப்பாராக.